நாலு நாள் மட்டும் ஒழுங்கா மாத்திரை போட்டவ சொல்றேன்

எனக்கு 14 வயசுல கிட்னி மாத்தினாங்க, அப்பாவோட கிட்னி. இப்ப எனக்கு 31. நடுவுல 19 வயசுல அந்தக் கிட்னியை நானே முக்கால்வாசி கெடுத்துக்கிட்டேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இப்ப மாசத்துல ஒரு நாள் டிரான்ஸ்பிளான்ட் ஆன சின்னப் பசங்களோட கிளினிக்ல உக்காந்து பேசிட்டு வரேன், அங்க நான் சொல்றதை அவங்க காது குடுத்துக் கேக்குறாங்கன்னா அதுக்கு இந்த ஒரு கதைதான் காரணம், மத்தபடி நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல.

17 வயசுல ராத்திரி டோஸை விட ஆரம்பிச்சேன். எதிர்ப்பு, கோவம், அப்படில்லாம் ஒண்ணும் இல்ல. மாத்தின கிட்னியை உடம்பு ஒதுக்கித் தள்ளாம தடுக்கிற மருந்து டாக்ரோலிமஸ், காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை, நடுவுல 12 மணி நேரம். காலை டோஸ் அம்மா கண்ணு முன்னாடி போயிடும். ராத்திரி எட்டு மணிக்கு நான் ஃப்ரெண்ட்ஸோட எங்கயாவது இருப்பேன், எல்லாரும் பாக்க டப்பாவைத் திறக்கக் கூச்சம், வீட்டுக்குப் போய் போட்டுக்கலாம்னு காப்ஸ்யூலைப் பாக்கெட்ல போட்டுக்குவேன், வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிடுவேன். ஒரு வேளை விட்டேன், ஒண்ணும் ஆகல. ரெண்டு விட்டேன், ஒண்ணும் ஆகல. தலைவலி மாத்திரையை விட்டா தலை வலிக்கும், இதை விட்டா ஒரு மண்ணும் தெரியாது, சொல்லப்போனா அந்த மருந்தால வர்ற கை நடுக்கம் கொஞ்சம் கொறைஞ்சு நல்லாவே இருக்கும். உள்ள உடம்பு சத்தமே இல்லாம இந்தக் கிட்னி என்னோடது இல்லன்னு கண்டுபிடிச்சு அதைத் தாக்குற ஆன்டிபாடி தயார் பண்ணிக்கிட்டு இருக்கும், அது வெளில தெரியும்போது வேலை பாதி முடிஞ்சிருக்கும்.

அப்ப பிளட் டெஸ்ட்ல மாட்டலையான்னு கேப்பீங்க. மாட்டல. ஏன்னா டெஸ்ட் தேதி எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்கு நாலு நாள் முன்னாடியிலேருந்து ரெண்டு வேளையும் கடிகாரம் மாதிரி போட்டுடுவேன், ரத்தத்துல மருந்தோட லெவல் அழகா வந்து நிக்கும், டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு குட்னு சொல்லுவார், அம்மா நிம்மதியா மூச்சு விடுவாங்க, நான் அடுத்த டெஸ்ட் வரைக்கும் ஃப்ரீ. இந்தத் தந்திரத்தை நான்தான் கண்டுபிடிச்சேன்னு ரொம்ப நாள் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப கிளினிக்ல பசங்க கிட்ட சொன்னா பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிக்கிறாங்க.

ஒரு நாள் அம்மா துணி துவைக்கும்போது என் ஜீன்ஸ் பாக்கெட்டை உள்பக்கம் வெளில எடுத்தாங்க, அதுல ரெண்டு காப்ஸ்யூல் தண்ணில ஊறி உருகி, பவுடரும் ஜெலட்டினும் துணியோட பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால சொரண்டிக்கிட்டே என்னைப் பாத்தாங்க. கீழ விழுந்துச்சும்மா, அதனால பாக்கெட்ல போட்டேன், வேற எடுத்துப் போட்டுக்கிட்டேன்னு சொன்னேன். நம்பினாங்களா இல்ல நம்பணும்னு ஆசைப்பட்டாங்களான்னு இன்னும் எனக்குத் தெரியாது.

19 வயசுல வழக்கமான செக்கப்ல கிரியாட்டினின் 2.4. கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு அது, ரத்தத்துல ஏறினா கிட்னி சரியா வேலை செய்யலன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி 1.1லயே வருஷக்கணக்கா நின்னுக்கிட்டு இருந்தது. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, யூரின் நல்லா போகுது, மொதல் நாள் கூட டான்ஸ் ஆடினேன். கிட்னில ஊசியால துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்ஸி பண்ணாங்க, ரிஜெக்‌ஷன். உடம்பே அந்தக் கிட்னியைத் தாக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். மூணு நாள் ஸ்டீராய்டு டிரிப்ல ஏத்தினாங்க, அப்புறம் ஒவ்வொரு மருந்தா மாத்தி மாத்திக் கடைசில 1.7ல வந்து நின்னுச்சு, அதுக்குக் கீழ அது திரும்பி வரவே இல்ல. நான் போட்ட நாடகத்துக்கு வெலை அந்த 0.6.

பயாப்ஸி முடிஞ்சு படுத்திருக்கும்போது அப்பா வந்து பக்கத்துல உக்காந்தார். அவரோட கிட்னி அது. திட்டுவார்னு கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். எத்தனை நாளா விட்டுக்கிட்டு இருக்கேன்னு மட்டும் கேட்டார். ரெண்டு வருஷம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எந்த வேளைன்னு கேட்டார். ராத்திரின்னேன். அப்ப ராத்திரிக்கு என்ன பண்ணலாம்னு யோசிப்போம்னு சொல்லிட்டு எழுந்து போய்த் தண்ணி கொண்டு வந்தார்.

இன்னிக்கு நான் மத்த பசங்களுக்குப் பண்ற உதவி எல்லாமே அந்த ரெண்டாவது கேள்விதான். ஏன் போடலன்னு கேட்டா பொய்தான் வரும். எந்த வேளை கஷ்டமா இருக்குன்னு கேட்டா நெஜம் வரும். மாசத்துல மூணு டோஸ் விட்டுட்டேன்னு வாயைத் திறந்து சொல்ற பையனைப் பத்தி எனக்குக் கவலையே இல்லங்க, ஒரு டோஸ் கூட விட்டதில்லன்னு அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்றவனைப் பத்திதான் கவலை.

இது என் தனிப்பட்ட கதை மட்டும் இல்ல. 17லேருந்து 24 வயசு வரைக்கும்தான் மாத்தின கிட்னி போறதுக்கான ஆபத்து மத்த எல்லா வயசையும் விட அதிகம்னு பெரிய பெரிய கணக்கெடுப்புலயே வந்திருக்கு. அஞ்சு வயசுக் குழந்தைக்கு வெச்ச கிட்னி அம்மா அப்பா கையில பத்திரமா இருக்கும், 40 வயசு ஆளு தானே பாத்துக்குவார், நடுவுல இருக்கிற இந்தப் பசங்க கிட்டதான் வந்து உடையுது. திட்டம் போடுறது, பின்னாடி என்ன ஆகும்னு யோசிக்கிறது, இதுக்கெல்லாம் பொறுப்பான மூளைப் பகுதி இருபதுகளோட நடுவுலதான் முழுசா முதிருதுன்னு சொல்றாங்க, ஆனா 18 ஆனவுடனே குழந்தைகள் வார்டு கதவை மூடிட்டு இனிமே பெரியவங்க டிபார்ட்மென்ட், நீங்களே பாத்துக்கங்கன்னு அனுப்பிடுறாங்க. காலேஜ், வேலை, வீடு மாறுறது, லவ்வு, எல்லாம் வர்ற அதே வருஷத்துல டாக்டரும் மாறுறார். நல்ல டைமிங்.

ஆக்ஸ்ஃபோர்ட்ல இதை வேற மாதிரி பண்ணிப் பாத்து 2012ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதியிருந்தாங்க. முன்னாடி நேரா பெரியவங்க பிரிவுக்கு மாத்திவிட்ட 9 பேர்ல 6 பேருக்கு மூணு வருஷத்துக்குள்ள கிட்னி போயிடுச்சு. அப்புறம் குழந்தைகள் டாக்டரும் பெரியவங்க டாக்டரும் சேர்ந்து கிளினிக் நடத்தி, இளவயசுக்காரங்களுக்குன்னு தனியா இடம் வெச்சு, மெதுவா மாத்தினாங்க, அந்த 12 பேர்ல ஒருத்தருக்கும் போகல. சின்ன எண்ணிக்கைதான், இதை வெச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா அந்த 6 பேர்ல ஒருத்தியா நான் இருந்திருக்க வேண்டியதுன்னு படிக்கும்போதே தோணுச்சு.

சரி, கிளினிக்குக்கு வரேன். நான் மொதல்ல கவனிச்சது என்னன்னா "நாங்க". பையன் வயசு 16, மீசை அரும்பியிருக்கு, டாக்டர் அவனைப் பாத்து எப்படி இருக்கேன்னு கேக்குறார், அம்மா பதில் சொல்றாங்க, "நாங்க நல்லா இருக்கோம் டாக்டர், போன வாரம் கொஞ்சம் சளி இருந்துச்சு எங்களுக்கு, யூரின் எல்லாம் நல்லா போகுது". பையன் சீலிங்கைப் பாத்துக்கிட்டு இருக்கான், யாரோட யூரினைப் பத்தியோ பேசுற மாதிரி. சிரிப்பு வந்துச்சு, ஆனா எங்க அம்மாவும் இதே மாதிரி தான் பேசுவாங்க.

அவன் கிட்ட என்னென்ன மாத்திரை போடுறேன்னு கேட்டேன். காலைல ஒரு வெள்ளை, அப்புறம் ஒரு பெரிசு, அப்புறம் அம்மாவுக்குத் தெரியும்க்கா. தப்பு அவன் மேல இல்ல, அவனுக்கு யாரும் பேரையே சொல்லிக் குடுக்கல, டப்பாவுல பிரிச்சுக் கைல குடுத்துடுறாங்க. பேரைப் பாடம் மாதிரி சொல்லிக் குடுத்தா மண்டைல நிக்காது, கதையா சொன்னா நிக்கும். டாக்ரோலிமஸ் 1984ல ஜப்பான்ல சுகுபாங்கற ஊர்ல மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியால இருந்து எடுத்தது, இங்கிலீஷ்ல அந்த ஊரை Tsukubaன்னு எழுதுவாங்க, மருந்துப் பேர்ல மொதல்ல வர்ற T அந்த ஊரோடதுன்னு சொன்னேன், அன்னியிலேருந்து அவன் அதை சுகுபான்னுதான் சொல்றான். எதுக்கு வாழ்நாள் பூரா போடணும்னு கேட்டான். 1954ல பாஸ்டன்ல மொத மொதல்ல வெற்றிகரமா கிட்னி மாத்தினது ஒரே மாதிரி இருக்கிற இரட்டையர்களுக்குள்ள, அவங்க உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, அதனால ரிஜெக்‌ஷனைத் தடுக்கிற மருந்தே வேண்டியிருக்கல, நீ இரட்டையா பொறக்கலையேடான்னு சொன்னேன். ஓ அப்படியான்னான். ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு.

பேர் தெரிஞ்சதுக்கு அப்புறம் டப்பா. வாரத்துக்கு ஏழு நாள், காலை ராத்திரின்னு அறை போட்ட டப்பா எல்லார் வீட்டுலயும் இருக்கும், அதை நிரப்புறது யாருங்கறதுதான் கேள்வி. நான் சொல்றது இதுதான். மொதல் ரெண்டு மாசம் அம்மா நிரப்பட்டும், பையன் பக்கத்துல உக்காந்து பேரைச் சொல்லிச் சொல்லி எடுத்துக் குடுக்கட்டும். அடுத்த ரெண்டு மாசம் பையன் நிரப்பட்டும், அம்மா சரி பாக்கட்டும். அப்புறம் அவன் நிரப்பிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டட்டும். அப்புறம் எப்பவாவது ஒரு நாள் மட்டும் எட்டிப் பாத்தாப் போதும். இதையெல்லாம் 12, 13 வயசுலயே ஆரம்பிக்கணும், 18ல போய் சாவியைக் கைல குடுத்து இந்தா ஓட்டுன்னா வண்டி மரத்துலதான் நிக்கும். 2011ல உலக அளவுல கிட்னி டாக்டர்களும் குழந்தைகள் கிட்னி டாக்டர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலயும் 12லேருந்து 14 வயசுக்குள்ள இந்தப் பேச்சை ஆரம்பிச்சுடணும்னுதான் இருக்கு. அந்த வயசுல அவன் தப்பு பண்ணுவான், பண்ணட்டும், பக்கத்துல அம்மா இருக்கும்போது பண்ற தப்பு பரவால்ல.

அலாரம் பத்திப் பேசாம இருக்க முடியாது. எல்லார் ஃபோன்லயும் அலாரம் இருக்கு, எல்லாரும் தூக்கத்துல கையை வெச்சு அணைச்சுட்டு அதை மாத்திரை போட்ட மாதிரியே நெனைச்சுக்கறாங்க. ஒரு பொண்ணு கிட்ட நான் கத்துக்கிட்ட ரூல் இது, மாத்திரை நாக்குல இருந்தாத்தான் அலாரத்தை அணைக்கணும், அது வரைக்கும் கத்தட்டும். வீட்டுல எல்லாரும் திட்டுவாங்களாம், அதுவே நல்லதுதான்க்கா, ஊரே ஞாபகப்படுத்துதுன்னு சொல்றா. கனடாவுலயும் அமெரிக்காவுலயும் 8 சென்டர்ல 11லேருந்து 24 வயசு வரைக்கும் உள்ளவங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2018ல வெளிவந்துச்சு. திறந்தா பதிவாகிற எலெக்ட்ரானிக் டப்பா, மெசேஜ், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கோச் உக்காந்து எங்க இடிக்குது, என்ன பண்ணலாம்னு பேசுறது, இப்படிப் பண்ணவங்க மத்தவங்களை விட ஒழுங்காப் போட்டாங்க. நம்மகிட்ட அந்த டப்பா இல்லன்னாலும் உக்காந்து பேச ஒரு ஆள் கிடைப்பாங்க இல்லையா, டாக்டராத்தான் இருக்கணும்னு இல்ல, அண்ணன், சித்தி, ஏற்கனவே டிரான்ஸ்பிளான்ட் ஆன யாராவது.

அதை விட முக்கியமானது டைமிங். எட்டு மணின்னு குடுத்தது ஸ்கூல் போற குழந்தைக்கு. காலேஜ் போறவ லீவு நாள்ல பத்து மணிக்குதான் எந்திரிப்பா, அவளுக்கு எட்டு மணி டோஸ்னா வாரத்துல ரெண்டு நாள் தாமதம் ஆகத்தான் செய்யும். டாக்டர் கிட்ட கேட்டு பத்து பத்துன்னு மாத்திக்கலாம், எனக்கு அப்படித்தான் மாத்தினாங்க, ராத்திரி பத்துக்கு நான் எப்படியும் வீட்டுல இருப்பேன். ரெண்டு வருஷம் நான் பண்ண அட்டூழியத்துக்குத் தீர்வு ரெண்டு மணி நேரம் தள்ளி வெக்கிறதுதான், யாரும் கேக்கல, நானும் சொல்லல. நாளுக்கு ஒரே தடவை போடுற டாக்ரோலிமஸும் இருக்கு, அது எல்லாருக்கும் ஒத்து வருமான்னு டாக்டர்தான் சொல்லணும், பேர் ஒண்ணுதானேன்னு நீங்களா அதுக்கும் இதுக்கும் மாத்திடாதீங்க, உள்ள மருந்து கரையற வேகமே வேற. கடைல ஸ்டாக் இல்லன்னு வேற கம்பெனி டப்பாவை நீட்டினாலும் அதே கதைதான், வாங்குறதுக்கு முன்னாடி கிளினிக்குக்கு ஒரு ஃபோன். இந்த மருந்துக்கு அளவு கொஞ்சம் கூடினாலும் கிட்னிக்கே விஷம், கொறைஞ்சா ரிஜெக்‌ஷன், நடுவுல இருக்கிற பாதை ரொம்பக் குறுகல். ஸ்டாக் தீர்ற வரைக்கும் காத்திருக்காம 14 நாள் மிச்சம் இருக்கும்போதே வாங்க ஆரம்பிக்கிற பழக்கத்தை அந்தப் பையன் கைலயே குடுங்க, எண்ணிப் பாக்க வைங்க.

விட்டுட்டா என்ன பண்றதுன்னு முன்கூட்டியே எழுதி வாங்கி வெச்சுக்கணும். எனக்கு எங்க டீம் எழுதிக் குடுத்தது, ஆறு மணி நேரத்துக்குள்ள ஞாபகம் வந்தாப் போடு, அதுக்கு மேலன்னா விட்டுட்டு அடுத்ததை நேரத்துக்குப் போடு, ரெண்டையும் சேர்த்து மட்டும் போடாதே. உங்க டீம் வேற கணக்கு சொல்லலாம், அதைத்தான் கேக்கணும். வாந்தி எடுத்தா என்ன பண்ணணும்னும் அதே பேப்பர்ல இருக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு டோஸ் விட்டது ஞாபகம் வந்து திட்டு வாங்கப் பயந்து யாரையும் எழுப்பாம இருக்கிற ஒரு பொண்ணுக்கு அந்தப் பேப்பர்தான் துணை.

டெஸ்ட் நாள் விஷயம் ஒண்ணு. லெவல் பாக்க ரத்தம் குடுக்கணும்னா காலை டோஸைப் போடாம போகணும், கைல எடுத்துக்கிட்டுப் போய் ரத்தம் குடுத்துட்டு அங்கயே போடணும். ஒரு பொண்ணு மொத தடவையா தனியா வந்தா, பொறுப்பா இருக்கணுமேன்னு மாத்திரையை ஒழுங்காப் போட்டுட்டு வந்து ரத்தம் குடுத்துட்டா, லெவல் எகிறி வந்துச்சு. நல்லவேளை நர்ஸ் சிஸ்டர் எத்தனை மணிக்குப் போட்டேன்னு கேட்டாங்க, இல்லன்னா டோஸைக் கொறைச்சிருப்பாங்க, இருக்கிற நல்ல லெவல் கீழ போயிருக்கும். இவ்வளவு நாள் அம்மாதான் காலைல மாத்திரையைக் குடுக்காம நிறுத்தி வெச்சிருந்தாங்க, ஏன்னு இவளுக்குச் சொல்லவே இல்ல. பெத்தவங்க மௌனமா பண்ற இந்த மாதிரி வேலைகள் ஒரு அம்பதாவது இருக்கும், ஒரு வாரம் உக்காந்து நீங்க என்னென்ன பண்றீங்கன்னு எழுதிப் பாருங்க, நீங்களே அசந்துடுவீங்க.

லெவல்னு சொன்னதும் ஞாபகம் வருது, இப்பல்லாம் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பாக்காம கடைசியா எடுத்த பல லெவலையும் வரிசையா வெச்சு எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாக்குறாங்க. 6, 11, 3, 8ன்னு குதிச்சா எங்கயோ மாத்திரை விடுதுன்னு ஒரு சந்தேகம் வரும். என் நாலு நாள் நாடகம் இப்ப அவ்வளவு ஈஸி இல்ல. ஆனா அந்தக் கிராஃபைக் காட்டி மாட்டிக்கிட்டியான்னு கேக்குற கிளினிக்ல பசங்க வர்றதையே நிறுத்திடுவாங்க. காட்டுங்க, காட்டிட்டு இந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, பரீட்சையோ பிரேக்கப்போ ஏதாவது இருக்கும். வயித்துப்போக்குல கூட லெவல் ஏறும், அதனால எல்லாமே மாத்திரை விட்டதுதான்னு முடிவு கட்டிடக் கூடாது, வயித்துப்போக்கு வந்தா உடம்புல தண்ணியும் கொறையும் மருந்தும் ஏறும், ரெண்டும் கிட்னிக்கு அடி, அன்னிக்கே ஃபோன் பண்ணணும்.

வேற டாக்டர் கிட்ட போறப்பதான் தனியாப் போற பசங்க நெறைய மாட்டிக்கறாங்க. தொண்டை வலின்னு பக்கத்துல போனா கிளாரித்ரோமைசின் எழுதிக் குடுப்பாங்க, அது டாக்ரோலிமஸ் லெவலை சர்ருனு ஏத்திடும். பூஞ்சைக்குக் குடுக்கிற ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். டிபிக்குக் குடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்கிற ஃபெனிடாயின் இதெல்லாம் தலைகீழா இறக்கிடும். சுளுக்குன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டா கிட்னிக்கே நேரடி அடி, வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான் நமக்கு, ஆனா காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினா மாத்திரை போட்டு அமுக்கிட்டுப் படுக்கக் கூடாது, கிளினிக்குக்குச் சொல்லணும். இந்த லிஸ்ட்டை யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம். எந்த டாக்டர் ரூமுக்குள்ள போனாலும் வாயைத் திறந்ததும் மொத வரி "எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு", அதைச் சொல்லப் பழகினாப் போதும். பசங்களை ரூமுக்கு வெளில நிக்க வெச்சு அந்த வரியை ரெண்டு தடவை சொல்லச் சொல்லுவேன், வெக்கப்படுவாங்க, ஆனா உள்ள போய் சொல்லிடுவாங்க. மூலிகைக் கஷாயம், எதிர்ப்பு சக்திப் பவுடர்னு யார் அன்பாக் குடுத்தாலும் கேக்காம வாயில போடக் கூடாது, நம்ம எதிர்ப்பு சக்தியைக் கொறைக்கத்தானே இவ்வளவு மாத்திரை போடுறோம்.

அப்புறம் கிரேப்ஃப்ரூட். அது திராட்சை இல்லங்க! ஒரு பையன் டிரான்ஸ்பிளான்ட் ஆனதிலேருந்து ரெண்டு வருஷம் திராட்சையையே தொடாம இருந்திருக்கான், அவ்வளவு ஆசையாம். கிரேப்ஃப்ரூட்ங்கறது பெரிய ஆரஞ்சு மாதிரி ஒரு பழம், அதுதான் டாக்ரோலிமஸை ஏத்தும், பம்பளிமாஸும் அதே இனம்னு எங்க டாக்டர் ரெண்டையும் வேண்டாம்னுட்டார். திராட்சை சாப்பிடலாம்டான்னு சொன்னப்ப அவன் முகத்தைப் பாக்கணுமே.

முகம்னதும் பிரெட்னிசலோன், நாங்க போடுற ஸ்டீராய்டு மாத்திரை. உருண்டையா வீங்கற முகம், பரு, வெயிட்டு. பெரியவங்க இதைக் கண்டுக்க மாட்டாங்க, உயிர் இருக்கே அது போதாதாம்பாங்க. 15 வயசுல முகம்தான் உயிர். எனக்குத் தெரிஞ்சு ஸ்டீராய்டை ரகசியமா நிறுத்தின பொண்ணுங்க எல்லாருமே கண்ணாடியைப் பாத்துட்டுத்தான் நிறுத்தினாங்க, அதைத் திடீர்னு நிறுத்தினா ரிஜெக்‌ஷன் மட்டும் இல்ல, உடம்பு தானா சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் சுரக்காம மயங்கி விழலாம். அதனால முகம் வீங்குதுன்னு ஒருத்தி அழுதா அதைச் சின்ன விஷயம்னு சொல்லாதீங்க. டாக்டர் கிட்ட டோஸைக் கொறைக்க முடியுமான்னு அவளையே கேக்க விடுங்க. சில சமயம் முடியும், முடியலன்னாலும் கேட்டதுக்கு ஒரு பதில் கிடைச்சா அவ மறைக்க மாட்டா.

பெத்தவங்களை வெளில உக்கார வெச்சுட்டு டாக்டர் பிள்ளை கிட்ட தனியாப் பேசுற அந்தப் பத்து நிமிஷம் எதுக்குன்னு நெறைய அம்மாக்கள் கோவப்படுவாங்க. இதுக்குத்தான். ரிஜெக்‌ஷனைத் தடுக்கக் குடுக்கிற இன்னொரு மருந்து மைக்கோஃபினோலேட், அதைப் போடுற பொண்ணு கர்ப்பமானா குழந்தைக்குப் பெரிய ஊனம் வரலாம், கரு கலையலாம், குழந்தை வேணும்னா குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடியே அதை நிறுத்தி வேற மருந்துக்கு மாத்தணும். டிரான்ஸ்பிளான்ட் ஆனவங்க பிள்ளை பெத்துக்க முடியும், நெறையப் பேர் பெத்திருக்காங்க, ஆனா திட்டம் போட்டுத்தான். இதை 17 வயசுப் பொண்ணு அம்மா பக்கத்துல உக்காந்திருக்க எப்படிக் கேப்பா? சிகரெட், குடி, டாட்டூ எதையும் கேக்க மாட்டா. கேக்காம செஞ்சுட்டு வருவா. வயசுக்கு ஏத்த மாதிரி மொதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பாதி நேரம், கடைசில அம்மா கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் உள்ள வரணும், இப்படித்தான் தலைகீழா மாத்தணும்.

பெத்தவங்க கிட்ட இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் கஷ்டமா இருக்கும். என் கிட்னியைக் குடுத்திருக்கேன், அதைக் கூடவா பாத்துக்க மாட்டேங்கற ஒரு வரியை எந்தச் சண்டையிலும் எடுக்காதீங்க. வாய் வரைக்கும் வரும், தெரியும். எடுத்தீங்கன்னா அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் விட்ட எந்த டோஸையும் உங்க கிட்ட சொல்லாது, ஏன்னா அது மாத்திரை விட்டது இல்ல, உங்களைக் காயப்படுத்தினதா ஆயிடும். எங்க அப்பா இன்னி வரைக்கும் என் கிட்ட அதை "உன் கிட்னி"ன்னுதான் சொல்றார், "உன் கிட்னி எப்படி இருக்கு?"

மத்ததெல்லாம் பழகிக்கற விஷயம். தன் கிரியாட்டினின் வழக்கமா எவ்வளவுன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியணும், ஃபோன்ல தேதி போட்டு எழுதி வெச்சுக்கணும், 1.1 ஆளுக்கு 1.5ங்கறது பெரிய விஷயம், 1.7 ஆளான எனக்கு 1.7 சாதாரணம். வீட்டுல பிபி பாக்கத் தெரியணும். தண்ணி பாட்டில் கையோட, சின்ன உடம்புக்குள்ள பெரியவங்க கிட்னி வெச்சிருந்தா அதுக்குத் தண்ணி ஜாஸ்தி வேணும், எத்தனை லிட்டர்னு டாக்டர் சொல்லுவார். வெயில்ல போனா சன்ஸ்க்ரீன், தோல் புற்றுநோய் வர்ற ஆபத்து நமக்கு அதிகம். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமித் தடுப்பூசி பொதுவா போடக் கூடாது, ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணும். விளையாடலாம், கிட்னி அடிவயித்துல முன்பக்கமா இருக்கறதால வயித்துல குத்து விழற ஆட்டம் மட்டும் வேண்டாம், 1978லேருந்து டிரான்ஸ்பிளான்ட் ஆனவங்களுக்குன்னே உலக அளவுல போட்டி நடக்குது, அதை ஒரு பையன் கிட்ட சொல்லப்போய் அவன் இப்ப தினமும் ஓடுறான்.

பெரியவங்க பிரிவுக்கு மாறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பேப்பர் எழுதச் சொல்லுவேன், அவங்க கைப்பட. எதனால கிட்னி போச்சு, எப்ப மாத்தினாங்க, யாரோடது, என்ன மாத்திரை எவ்வளவு, ரிஜெக்‌ஷன் வந்திருக்கா, எது ஒத்துக்காது, யாருக்கு ஃபோன் பண்ணணும். நான் எழுதும்போது ரிஜெக்‌ஷன் இடத்துல காரணம்னு ஒரு கோடு போட்டிருந்தாங்க. ராத்திரி டோஸ் விட்டேன், ரெண்டு வருஷம்னு எழுதினேன். புது டாக்டர் அதைப் படிச்சுட்டு நிமிர்ந்து பாத்து, இப்ப எப்படிப் போகுது ராத்திரின்னு கேட்டார். அவர் கிட்ட இருக்கலாம்னு தோணுச்சு.

அந்த சுகுபா பையனுக்கு இப்ப 17 முடியப்போகுது. போன தடவை கிளினிக்ல டாக்டர் கூப்பிட்டதும் அவங்க அம்மா பழக்க தோஷத்துல ஃபைலைத் தூக்கிக்கிட்டு எழுந்தாங்க, அவன் கையை நீட்டி ஃபைலை மட்டும் வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டான். போறதுக்கு முன்னாடி என் காது கிட்ட வந்து, இந்த மாசம் ரெண்டு ராத்திரி போச்சுக்கா, சொல்லிடறேன்னான். அம்மா என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தாங்க, ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறக்கறதும் மூடுறதுமா இருந்தாங்க. பத்து நிமிஷம் ஆச்சு, பதினஞ்சு ஆச்சு. உள்ள அப்படி என்னதான் பேசுறான்னு என்னைக் கேட்டாங்க.

எனக்கும் தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன்.